கால் மெஷினில் கரண்ட்

"நாளைக்குத் தரேன்" என்று புளுகாமல் தையல் கடை நடத்தியவன் இன்னும் பிறக்கவில்லை. கள்ளிக்குப்பத்தில் நாற்பது வருஷமாக நான் விட்ட புளுகுகளை ஒட்டுப் போட்டால் பூந்தமல்லி வரைக்கும் பந்தல் போடலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் வந்த பிறகுதான் வினை. அதில் சில தொந்தரவுகள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது; இதே நோய்க்காரர் என்றால் நீங்களும் பட்டிருப்பீர்கள். உண்மையைச் சொன்னாலும் ஊர் நம்பாது. 'டாக்டர் இதை நோயின் புது அட்டாக் என்றால் கடையை மூடிட வேண்டியதுதான்' என்று என் மனைவி சரோஜா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கழுத்து

மெஷினில் குனிந்தால் கழுத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை சுரீரென்று கரண்ட் ஓடும். நிமிர்ந்தால் நின்றுவிடும். முதல் தடவை "ஷாக்கு" என்று கத்தி எழுந்தேன். பேண்ட் வாங்க வந்த லாரி டிரைவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். பிறகு மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"நைனா, இது கால்ல மிதிக்கிற மிஷினு. இதுல எங்கேந்து கரண்டு வந்துகினு கீது?"

கண்

சித்திரை வெயில், மேலே தகரக் கூரை, பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. கண்ணில் புகை படிந்து, சிவப்பெல்லாம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. ஈரத் துண்டைத் தலையில் போட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். அரை மணியில் பார்வை தெளிந்தது. அப்போதுதான் பார்த்தேன், மேனாம்பேட்டு டீச்சரின் சிவப்பு ரவிக்கையைப் பழுப்பு நூலில் தைத்து வைத்திருக்கிறேன். டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"போன வாரம் ஊசி தொலைஞ்சுதுன்னீங்க. இந்த வாரம் கண்ணே தொலைஞ்சுதாண்ணா?"

கை

வலது கை கத்தரியோடு இறுகிக்கொள்ளும். விரல் பிரியாது, வலி உயிரை வாங்கும். ஒரு நிமிஷத்தில் தானே விட்டுவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

டாக்டர் முன்னால் அந்தக் கை பரம சாதுவாக இருந்தது. எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். ஒரு நிமிஷம் என்றால் மதிக்க மாட்டாரே என்று, "ஒன்றரை நாள்" என்றேன். அவர் முகம் மாறியது. அப்படியென்றால் புது அட்டாக்தான், இன்றே அட்மிட் ஆக வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். என் கடையை நானே மூடிக்கொண்டிருந்தேன்.

கடையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து பட்டன் காஜா எடுக்கிற சரோஜா கூட வந்திருந்தாள்; பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "டாக்டரு, நாப்பது வருசமா இவுரு சொன்ன டைம நம்பி எவனும் சட்ட போட்டதில்ல. இத்தப் பாருங்க."

கடிகாரம் பார்த்துக் குறித்திருந்தாள். கழுத்து, இரண்டு விநாடி. கண், அரை மணி. கை, ஐம்பது விநாடி. டாக்டர் எழுதிய காகிதத்தைக் கிழித்தார். இவை நரம்பில் உள்ள பழைய தழும்புகளின் வேலை, குனிந்தாலும் சூடு ஏறினாலும் தலைகாட்டிவிட்டுப் போகும் என்று விளக்கி, கைக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

"கடையைத் திறங்க பெரியவரே. ஆனா புதுசா ஒண்ணு வந்து ஒரு நாள் முழுக்கப் போகாம நின்னா உடனே வரணும், நோட்டோட."

இப்போது அந்த நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் நேரத்தைப் புளுகாமல் நானே குறிக்கிறேன்; நான் வாக்குத் தவறாத ஒரே கஸ்டமர் என் உடம்புதான்.