சாரலில் ஒரு பப்பாளித் துண்டு

1962 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். குற்றாலச் சீசனுக்குப் போகிற கூட்டம் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக அடைத்துக்கொண்டிருந்தது. நான் குளிக்கப் போகவில்லை. தென்காசிப் பக்கம் இலத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா பிள்ளை பெற்று இரண்டு மாதமாகிறது. எங்கள் அம்மா இல்லாததால் பிரசவமும் புகுந்த வீட்டில்தான். பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரியவில்லை என்று தகவல் வந்திருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறேன். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். "மாலைக்கண். மஞ்சளும் ஆரஞ்சுமான பழங்கள், கீரை எல்லாம் கொடுங்கள். முற்றவிட்டால் பார்வையே போய்விடும்" என்றார்.

பத்து மணி சுமாருக்குத் தென்காசி. பழம் வாங்க அங்கிருந்து குற்றாலம் போனேன், மூன்று மைல். பஸ்ஸுக்குப் பதினைந்து நயா பைசா. மலையை மேகம் மூடியிருந்தது. அருவி கண்ணில் படவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. கடைகளில் சிவப்பு ரம்புட்டான், கறுத்த மங்குஸ்தான், பலா, பப்பாளி எல்லாம் நனைந்து கிடந்தன.

"அண்ணாச்சி, மஞ்சள் பழமாப் பாத்துக் குடுங்க."

"பழக்கடைக்கு வந்தியளா, ஜவுளிக்கடைக்கு வந்தியளா?" என்றார் கடைக்காரர்.

மஞ்சள் நிறம் கண்ணுக்கு, ஆரஞ்சுப் பழப் புளிப்பு ஈறுக்கு, பல நிறம் கலந்து தின்றால் ஒன்றில் இல்லாத சத்து இன்னொன்றில் கிடைக்கும் என்று விளக்கினேன்.

"நாப்பது வருசமா இந்தக் கலருக்குள்ளதான் உக்காந்திருக்கேன். பெறவு எனக்கு எதுக்கு இந்தக் கண்ணாடி?" என்று மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

"விக்கத்தானே செய்யுதிய, திங்கலையே!"

சிரித்துக்கொண்டே பப்பாளியாகப் பார்த்துப் பொறுக்கினார். நாலு மங்குஸ்தானும் சேர்த்து ஒன்றேகால் ரூபாய்.

சீசன் கூட்டத்தில் நாலு மணி வரை காத்தும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஜட்கா வண்டியில் இலத்தூர் போய் இறங்கும்போது மணி ஐந்தரை. சாரலில் அதற்குள் இருட்டிவிட்டது. வாசலுக்கு வந்த அக்கா, "யாரது?" என்றாள். நான் வலப்பக்கம் நின்றேன். அவள் இடப்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

பையைத் திறந்ததும் அவள் மாமியார் பதறிவிட்டாள்.

"ஏ தம்பி, பச்சப்புள்ளக்காரிக்குப் பழமா? அதுவும் இந்தச் சாரல்லயா? பால் வழியா குளிர்ச்சி இறங்கிப் புள்ளைக்குச் சளி கட்டிரும். எம் மூத்தவன இப்பிடி ஒரு ஆடியிலதான் வாரிக் குடுத்தேன். ஒத்தப் பலாச்சுளைதான் தின்னேன்."

அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கோபப்பட முடியவில்லை.

"பழத்தால சளி வராது அத்தை. பிள்ளை கண்ணுக்கு வேண்டிய சத்தும் அக்கா பால் வழியாத்தான் போகணும். அவகிட்டயே இல்லாட்டி அவனுக்கு எங்கேருந்து வரும்?"

மாமியார் பிள்ளை கிடந்த தூளியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு பப்பாளியை அரிந்து, ஒரு துண்டை வெந்நீர்ப் பானையின் மூடிமேல் வைத்தாள். குளிர்ச்சி போகட்டும் என்று காத்திருந்து, அக்காவின் உள்ளங்கையில் கொடுத்தாள்.

"என்ன கலருலே?" என்று என்னைக் கேட்டாள் அக்கா.

"செம்மஞ்சள்."

வாய்க்குக் கொண்டுபோனாள். தூளிக்குள் பிள்ளை தும்மினான். ஒரே ஒரு தும்மல்தான். அக்கா துண்டைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"அது சாரலுக்கு வந்த தும்மல், அக்கா."

"சாரலுக்குத்தான்னு சத்தியம் பண்ணுவியாலே? எனக்குக் கண்ணு தெரியாட்டியும் போவுது. அவனுக்கு ஒண்ணுன்னா நான் எங்கன போவேன்?"

படித்தது அத்தனையும் இருந்தும் சத்தியம் பண்ண வாய் வரவில்லை.

ஞாயிறு காலை கிளம்பினேன். "பழம் இருக்கட்டும். வெயில் அடிக்கட்டும், குடுக்கேன்" என்றாள் மாமியார். அவள் சொன்னால் செய்வாள். ஆனால் பப்பாளி இரண்டு நாள் தாங்காது.

திரும்பும் ரயிலில் குற்றாலத்துப் பழங்களை உரித்து, தோலை ஜன்னல் வழியே எறிந்துகொண்டு வந்தார்கள். எங்கள் கரிசல் ஊரில் பழம் கண்ணில் படுவதே அபூர்வம், கிடைக்காததால் தின்பதில்லை. இலத்தூரில் மலையே பழத்தை இறக்கிக் கொடுக்கிறது, பயத்தால் தின்பதில்லை. அங்கே வெயில் வர ஆவணி கடைசி ஆகுமாம். அதுவரை அந்தக் கண் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.