செவுளின் நிறம்

ஊரூர் குப்பத்தில் ஒரு காலையில் அந்தப் புகைப்படக்காரரைப் பார்த்தேன். கசங்காத லினன் சட்டை, கழுத்தில் கருப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா. கார் விலையாம்! லென்ஸைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்கிக்கொள்வார். "தம்பி, கலர்ங்கிறதே ஒரு தொந்தரவு" என்றார், நான் கேட்காமலே.

மீன் விற்கும் அக்கா அவரை மடக்கினார். "சார், ஃப்ளாட்டு அம்மா முழு வஞ்சிரம் கேக்குது. செவுள போட்டோ அனுப்புனாத்தான் வாங்குமாம். என் போனு கேமரா உடஞ்சி கீது."

அவர் கால் மணி நேரம் குனிந்து நிமிர்ந்து ஒரே ஒரு படம் எடுத்து, தன் போனுக்கு மாற்றி அனுப்பினார். உடனே பதில் வந்தது: "செவுள் கருத்துப்போச்சே, பழைய மீன் வேண்டாம்."

"இன்னா சார், ரத்தமா கீற செவுள இப்டி சாவடிச்சிட்ட!" என்று அக்கா கத்தினார்.

"அந்தக் கருப்புல எத்தனை டோன் இருக்கு பாருங்கம்மா" என்று திரையை நீட்டினார் அவர்.

நான் என் போனில் ஒன்று எடுத்து அனுப்பினேன். மீன் விற்றுப்போனது. அக்கா அதைப் பையில் போடும்போது, இன்னொரு முறை செவுளைத் திறந்து காட்டச் சொன்னார் மனிதர். அந்தச் சிவப்பு அவர் கண்ணிலாவது பட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.