சுதியை இறக்கியது யார்?

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்கான கொண்டாட்டம். எங்கள் இசைக்குழுதான் பாட்டு. பிள்ளையைப் பல்லக்கில் கொண்டுவந்து மேடையேற்றியாயிற்று, கேக் வெட்டியாயிற்று, சனம் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறது. எங்கள் பாடகர் ராசன் அண்ணை மைக்கைப் பிடித்துத் தன்னுடைய ஆஸ்தானப் பாட்டைத் தொடங்கினார்.

கீபோர்டின் முன்னிசை முடிந்தது. நான் பேஸ் கிற்றாரில் முதல் சுரத்தை அடித்தேன்.

அடித்த உடனேயே தெரிந்துவிட்டது... ஏதோ பிழை. கீபோர்ட் ஒரு வீட்டில் நிற்கிறது, நான் பக்கத்து வீட்டில் நிற்கிறேன். ராசன் அண்ணை பிழை தன்னுடையது என்று நினைத்து என் சுரத்தின் பக்கம் வரப் பார்த்தார். குரல் நடுவில் உடைந்தது. கோழிப் பொரியலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் வாசிப்பவர் விரலை மாற்றாமலே முழுப் பாட்டும் சுதி இறங்கும், அல்லது ஏறும். கொண்டாட்ட வீட்டு இசைக்குழுக்களின் குலதெய்வம் அந்தப் பட்டன்தான். பாடகருக்குத் தொண்டை சரியில்லையா? இரண்டு படி இறக்கு. முடிந்தது கதை.

ஆனால் பேஸ் கிற்றாரில் அப்படி ஒரு பட்டன் இல்லை. என் விரல்தான் இடம் மாற வேண்டும். அதற்கு யாராவது எனக்குச் சொல்ல வேண்டுமே? கீபோர்ட் குணா சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, பாடுகிறவருக்கும் சொல்லவில்லை.

ராசன் அண்ணை பாட்டை நிறுத்திவிட்டுக் கீபோர்டுக்குக் கிட்டப் போனார். சின்னத் திரையில் 'கழித்தல் இரண்டு' என்று கிடந்தது. மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாமல் ஆர் சுதியை இறக்கினது?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. குணா குனிந்துகொண்டான். ராசன் அண்ணை மைக்கை அவனுடைய கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கதவால் போய்விட்டார். இருபத்து மூன்று வருடமாக எங்கள் குழுவின் குரல் அவர். வயது அறுபத்து மூன்று.

அடுத்த நாள் குணா எல்லோருக்கும் செய்தி அனுப்பினான். மார்க்கம் நகரில் ஒரு பெடியன் இருக்கிறான், கரோக்கி ட்ராக் போட்டுப் பாடுவான், நல்ல குரல். வருகிற கல்யாண வீட்டுக்கு அவனையே போடலாம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு அண்ணை வராவிட்டால் அவனுக்கு 'ஓம், வா' என்று சொல்லிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தான்.

ட்ரம்ஸ் அடிக்கிற சிவா ஒரு பெருவிரல் படம் போட்டான். நான் ஒன்றும் போடவில்லை.

பத்திரிகையில் என்னுடைய இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பேசுகிறவன் அல்ல. பேச வராததால்தான் எழுதுகிறேன். மேடையிலும் எனக்கு இடம் பின்னுக்குத்தான், ஸ்பீக்கர் மறைவில். பேஸ் வாசிக்கிறவனை யார் பார்க்கிறார்கள்?

அந்த இடம் எனக்கு வாய்த்ததற்குக் காரணம் ஓர் அமெரிக்க ரொக் இசைக்குழு. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால், 'உங்களுக்கு உந்தப் பாட்டெல்லாம் விளங்குமோ' என்று நாலு கடிதம் வரும்.

விளங்காதுதான். நான் பார்க்டேலில் வந்து இறங்கிய புதிதில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன். அங்கே சமையல் செய்த வெள்ளைக்காரர் காலையில் வந்தவுடன் இந்தக் குழுவின் கசெற்றைப் போடுவார். அது முடிந்தால் திருப்பிப் போடுவார். தட்டுக் கழுவும் மெஷினின் இரைச்சலில் எனக்குப் பாட்டுக் கேட்காது, கிற்றாரும் கேட்காது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற ஒரு 'தும்... தும்' மட்டும் வந்து காலைத் தொடும். இதை எந்த வாத்தியத்தில் வாசிக்கிறார்கள் என்று ஒரு நாள் அவரைக் கையால் சைகை காட்டிக் கேட்டேன். பேஸ் என்றார். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுதான் மேற்படிப்பு.

அந்தக் குழுவில் நாலு பேர். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒருவருடைய வீட்டுக் கராஜில் தொடங்கியவர்கள். ஒரு பழைய வான் வண்டியில் சாமான்களோடு சாமான்களாகத் தூங்கி ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். மூன்றாவது இசைத்தட்டு படுத்துவிட்டது, கம்பனி கைவிட்டது. பாடகரும் கிற்றார்காரரும் ஒரு கட்டத்தில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்களாம், ஆனாலும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தார்களாம். ட்ரம்ஸ்காரர் நோய்வாய்ப்பட்டுப் படுத்தபோது அவருடைய இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அவர் எழும்பி வரும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல்... இன்றைக்கும் அதே நாலு பேர்.

யோசித்துப் பாருங்கள். இங்கே கோயில் திருவிழாவுக்கு நாலு பேர் கூடி ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டால் அடுத்த வருடம் இரண்டு பந்தல் நிற்கிறது.

இந்தக் கோடையில், அதே வாரத்தில்தான், அவர்கள் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். கடைசிப் பயணம் என்று விளம்பரம். எனக்குத் தெரிந்து இது மூன்றாவது கடைசி. மகள் என் பிறந்தநாளுக்கு இரண்டு ரிக்கற் எடுத்துத் தந்திருந்தாள்.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா. இற்ஸ் எ டேற் நைற். நீங்கள் ரெண்டு பேரும் மட்டும்."

"உந்தச் சத்தத்துக்கு நான் வரேல்லை," என்றார் மனைவி. "ஆரும் காது கேக்காத ஆளாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ."

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பிக்கரிங்கில் இருக்கிற ராசன் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். நானாக ஒருவருக்கு ஃபோன் எடுப்பது வருடத்தில் ஒன்றோ இரண்டோ. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் ஃபோனை வைக்காமல் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"உவன் குணா சொல்லி எடுக்கிறியோ?"

"இல்லை அண்ணை. ஒரு ரிக்கற் மிச்சமாக் கிடக்கு."

"எனக்கு உந்த இங்கிலீஷ் பாட்டு விளங்காது."

"எனக்கும் விளங்காது அண்ணை."

"சரி. எத்தினை மணிக்கு ட்ரெயின்?"

ஏரிக்கரையோரத் திறந்தவெளி. வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்களைச் சுற்றி நரைத்த தலைகள், முழங்காலுக்குப் பட்டி கட்டியவர்கள், பேரப்பிள்ளையைத் தோளில் ஏற்றியவர்கள். ராசன் அண்ணை தேவாரம் பாடப் போகிறவர் போல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

நாலு பேரும் மேடைக்கு வந்தார்கள். பாடகரின் தலைமுடி முழுக்க வெள்ளை. நடையில் ஒரு சின்னச் சாய்வு. ஆனால் வாயைத் திறந்தார் பாருங்கள்... ராசன் அண்ணை கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"உவருக்கு என்ன வயசு?"

"எழுபது இருக்கும்."

"எழுபதிலை உந்த மேல் இடத்தைப் பிடிக்கிறாரோ..." என்றார். பாராட்டாகச் சொன்னாரா, வயிற்றெரிச்சலில் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. உணவகத்தில் நான் நாள் முழுக்கக் கேட்ட பாட்டு. ஆயிரம் தடவை வாசித்த பாட்டு. என் விரல்கள் தானாகவே தொடையில் வாசிக்கத் தொடங்கின. இரண்டாவது வரியில் நின்றுவிட்டன.

என் தலைக்குள் ஓடுகிற சுரம் வேறு, மேடையிலிருந்து வருகிற சுரம் வேறு. பேஸ்காரரின் விரல்கள் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் அவர் பாட்டுக்கு முன் கிற்றாரை மாற்றியதை நான் பார்த்திருந்தேன். தந்திகளைத் தளர்த்தி வைத்த வேறு கிற்றார். கிற்றார்காரரும் மாற்றியிருந்தார்.

அவர்கள் சுதியை இறக்கியிருந்தார்கள்.

சுற்றியிருந்த அத்தனை பேரும் எழும்பி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்காவது தெரிந்ததா? தெரிந்திருந்தாலும் யாருக்குக் கவலை?

எனக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு யோசனைதான். இதை அந்த மனிதரிடம் யார் முதலில் சொல்லியிருப்பார்கள்? 'உன்னால் இனி அந்த இடத்துக்கு ஏற முடியாது' என்று, பள்ளிக்கூடத் தோழனைப் பார்த்து, எந்த அறையில், எந்த முகத்தோடு? அந்தப் பழைய வண்டியில் தூங்கியதைவிட, கம்பனி கைவிட்டதைவிட அந்த ஒரு பேச்சுத்தான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அதைத் தாண்டியதால்தான் இன்றைக்கும் நாலு பேராக நிற்கிறார்கள்.

பாட்டுகள் முடிந்து நாலு பேரும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். சனம் நகரவில்லை, கை தட்டிக்கொண்டே நின்றது.

"முடிஞ்சுதோ?" என்றார் ராசன் அண்ணை.

"இல்லை அண்ணை. போறம் எண்டுபோட்டுப் போவினம். பிறகு வந்து இன்னும் ரெண்டு பாட்டுப் படிப்பினம். அது உவையின்ரை வழக்கம்."

"உது நல்ல வழக்கமா இருக்கே."

அந்த இடைவெளியில்தான் நான் ஃபோனை எடுத்து, அந்தப் பாட்டின் பழைய ஒலிப்பதிவைப் போட்டு, இயர்ஃபோனை அவரிடம் நீட்டினேன். பேச வராதவனுக்கு இப்படி ஏதாவது தேவைப்படுகிறது. அவர் ஒரு காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, மறு காதால் கேட்டார். முகம் மாறியது.

"இறக்கிப் பாடினவை."

"ஓம் அண்ணை. ரெண்டு படி."

நான் மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அண்ணை, உங்கடை பாட்டிலை அந்த மேல் இடம்... ரெண்டு வருசமா எட்டேல்லை. அது வரேக்கை நான் பேஸின்ரை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறனான். சிவா சிம்பலைப் போட்டு அடிக்கிறவன். ஆருக்கும் கேக்கக்கூடாது எண்டு."

சொல்லிவிட்டேன். இருபத்து மூன்று வருடத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ராசன் அண்ணை இயர்ஃபோனின் வயரை மெதுவாகச் சுற்றினார்.

"சிவா முதல் நாள் சிம்பலை அடிக்கேக்கையே எனக்குத் தெரியும்," என்றார். "உந்த இடத்திலை என்னத்துக்குச் சிம்பல்? அது மெல்லமாப் போற இடம்."

"பின்னை ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரும் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

மேடையில் விளக்கு எரிந்தது. நாலு பேரும் திரும்பி வந்தார்கள். சனம் எழும்பியது. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தோம்.

நாங்கள் மூடி மறைத்ததை மரியாதை என்று நினைத்திருந்தோம். அன்பும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு பயமும் இருந்தது... நாளைக்கு என் விரல் தடுமாறினால் யாராவது இப்படி மூடிவிட வேண்டுமே என்கிற பயம். கூச்சம் ஒரு நல்ல குணம் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதரை இருட்டில் நிறுத்தி வைப்பதற்கும் அது உதவுகிறது.

ஞாயிற்றுக்கிழமை. குணாவின் வீட்டுக்குக் கீழேயுள்ள பேஸ்மன்ற் அறை. இரண்டு மணிக்குப் பயிற்சி. இரண்டே கால் ஆயிற்று. குணா மார்க்கம் பெடியனின் நம்பரை எடுத்து வைத்திருந்தான். சிவா குச்சியால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தான். நான் பத்து நிமிடமாக ஒரே தந்தியைச் சுதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை வரமாட்டார்," என்றான் குணா. "நான் எடுக்கப்போறன்."

"அஞ்சு நிமிசம் பொறு," என்றேன். நான் பேசியதில் இரண்டு பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

மேலே கதவு திறந்தது. சப்பாத்துக் கழற்றுகிற சத்தம். ராசன் அண்ணை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. மைக்கை எடுத்தார்.

"குணா."

"அண்ணை... அண்டைக்கு நான் உங்கடை நன்மைக்கு எண்டுதான்—"

"உன்ரை நன்மையைக் கொண்டுபோய் வை. ரெண்டு காணாது. மூண்டு இறக்கு."

குணா பட்டனில் விரலை வைத்தான்.

"பொறு. முதல்லை சொல்லு."

"ஆருக்கு அண்ணை?"

"எனக்குச் சொல்லு. உவனுக்குச் சொல்லு." என்னைக் காட்டினார். "சொல்லிப்போட்டு இறக்கு."

குணா சொன்னான். பிறகு இறக்கினான். நான் விரல்களை மூன்று கட்டம் கீழே நகர்த்தினேன்.

கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு வந்தது. அந்த மேல் இடமும் வந்தது. சிவாவின் கை பழக்கதோஷத்தில் சிம்பலுக்கு உயர்ந்தது... அங்கேயே நின்றது. நான் ஒன்றையும் கூட்டவில்லை. ராசன் அண்ணை அந்த இடத்தைத் தொட்டார், நிறுத்தினார், மெல்ல இறங்கினார். இறங்கும்போது கழுத்தைத் திருப்பிச் சிவாவைப் பார்த்து ஒரு சிரிப்பு.

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை வீட்டு அங்கிள் ஒருவர் என் தோளில் தட்டினார். "ராசனுக்குக் குரல் இருபது வருசத்துக்கு முந்திக் கேட்ட மாதிரி அப்பிடியே கிடக்கு, என்ன?"

"ஓம் அங்கிள்," என்றேன்.

எல்லா இடத்திலும் பேசத்தான் வேண்டும் என்றில்லையே.