இரண்டாவது கிண்ணம்

என் அப்பாவின் தொண்டைக்குள் குழாய் இறக்கிய காலையை ஆறு வருஷம் கெட்டுப்போகாமல் வைத்திருந்தேன்.

கீழக்குயில்குடியிலிருந்து வண்டி கட்டி மதுரை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்திருந்தோம். சோறு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது, அதுதான் அப்பாவின் நோவு. நுனியில் சின்ன விளக்கு வைத்த நிக்கல் குழாயை வாய்வழியே விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் தொண்டை மரக்க ஒரு மருந்து உண்டு. ஒரு கண்ணாடிக் கிண்ணம் அளவு வாயில் ஊற்றி, தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பத்து நிமிஷம் பொறுத்தால் குழாய் போவதே அவ்வளவாகத் தெரியாது.

மருந்து கொடுத்தவர் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். வெள்ளைக் கோட்டு, முறுக்கிய மீசை. துப்புவதற்கான பேசின் பாத்திரத்தை அவரே ஏந்தி அப்பாவின் மோவாய்க்கடியில் பிடித்தார். கோட்டுப் போட்டவர் கையில் ஏந்திய பாத்திரத்தில் அப்பா எப்படித் துப்புவார்? பெரிய மனிதர் எதிரே வந்தால் வாயிலுள்ள வெற்றிலையைக்கூட விழுங்கிவிடுகிறவர். மருந்தைத் தொண்டையில் நிறுத்தாமல் மடக்கென்று குடித்துவிட்டார்.

"யோவ், என்னய்யா செஞ்ச? மோருன்னு நெனச்சியா?"

"ஒங்க கையில எப்பிடிச் சாமி துப்புறது?"

டிரெஸ்ஸருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வார்டு ஆட்களைக் கூப்பிட்டார். "கேட்டீங்களாடா? இம்புட்டு மரியாதை தெரிஞ்ச ஆளு!"

"இன்னொரு கிண்ணம் குடுங்கய்யா" என்றேன். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதான். படிச்ச பிள்ளதான நீ, சொல்லிக் கூட்டியாந்திருக்கலாம்ல?"

டாக்டர் உள்ளே வந்து, "மருந்து கொடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க."

பள்ளி இறுதிப் பரீட்சை எழுதியிருந்த நான் பக்கத்திலேயே நின்றேன். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன். குறுக்கே பேசினால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

நாலு பேர் அப்பாவை அமுக்கிப் பிடித்தார்கள். குமட்டலில் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. முன்பல் ஒன்று பெயர்ந்து வந்தது. குழாய் பாதிகூடப் போகவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். "கழுத்த அறுத்தாலும் அங்கன வர மாட்டேன்ப்பா" என்றுவிட்டார் அப்பா. எட்டு மாதம் கஞ்சித் தண்ணீரில் கிடந்தார். பிறகு அதுவும் இறங்கவில்லை.

"தாலுகா ஆபீஸ்ல உக்காராம சீழ் தொடைக்கப் போறானே" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். காரணத்தை யாரிடமும் சொல்லாமல் டிரெஸ்ஸர் வேலைக்குப் படித்து, அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த மீசைக்காரர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவருடைய மேஜைதான் எனக்குக் கிடைத்தது. என்றைக்காவது நோயாளியாக வருவார் என்று காத்திருந்தேன்.

வந்தார். கல்யாண விருந்தில் கறி எலும்பு தொண்டையில் மாட்டிக்கொண்டதாம். மீசை நரைத்திருந்தது. என்னைத் தெரியவில்லை.

"தம்பி, நானும் இங்கன இருந்தவன்தான்" என்றார், எச்சில் ஒழுக. "ரெண்டு கிண்ணமா குடுத்துருங்க."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதாண்ணே."

அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடியது கண்ணில் தெரிந்தது. கிடைக்கவில்லை. குழாயைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் குழாய் என்ன செய்யும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கூப்பிய கையை ஆசை தீரப் பார்த்தேன். பிறகு இரண்டாவது கிண்ணத்தையும் ஊற்றினேன். டாக்டர் எழுதியிருந்த மயக்க ஊசியையும் ஒரு சொட்டுக் குறைக்காமல் போட்டேன். அந்த ஊசியில் கண் சொக்கும், காது கேட்கும்.

"நாக்கு மரத்துருச்சாண்ணே? பேசிப் பாருங்க."

குழறல் மட்டும் வந்தது.

அவர் காதோரம் குனிந்தேன். அப்பாவின் ஊர், வயது, பேசின் ஏந்திய கை, "மோருன்னு நெனச்சியா", பாட்டிலில் மீதியிருந்த மருந்து, பல், எட்டு மாதக் கஞ்சி, எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. மூடிய இமையிலிருந்து கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. உதடு எதையோ சொல்ல முயன்று முயன்று தோற்றது.

டாக்டர் வந்தார். "மருந்து கொடுத்தாச்சா?"

"ரெண்டு கிண்ணம் சார்."

ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் எலும்பு வந்தது. யாரும் அவரை அமுக்கிப் பிடிக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். பேச்சு வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். என் வேலை நேரம் முடிந்திருந்தது. கோட்டை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.