புளூபெரிக்கு ஒரு கவ்வாத்து

காலை ஏழு மணி நாற்பது. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து பாதி வாழ்க்கை போய்விட்டது, இந்த வேலை மட்டும் இன்னும் பழகவில்லை. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். எங்கள் ஊரிலும் குளிர் உண்டு, ஆனால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேலைக்குப் போகவேண்டியதில்லை. அப்போது போன் அடித்தது. திரையில் என் மகள் தர்ஷினி. அவள் இருக்கும் கினிகத்தேனையில், எங்கள் ஊர்ப் பக்கத்தில், மதியம். நெற்றியிலிருந்து வியர்வை வழிய நின்றாள்.

"அம்மா, மாமா கவ்வாத்து பண்ணிட்டாரு" என்றாள். போனைத் திருப்பிக் காட்டினாள்.

அவள் நட்டு நெஞ்சளவு வளர்ந்திருந்த புளூபெரிச் செடிகள் நின்ற சரிவு அது. இப்போது வரிசை வரிசையாக முட்டளவுக் கட்டைகள் மட்டும் நின்றன. வெட்டிப்போட்ட கிளைகள் இலையோடு வாடிக்கிடந்தன. நடுவில் என் அண்ணன் செல்வராஜ், கையில் கவ்வாத்துக் கத்தியோடு, ஒரு பெரிய வேலையை முடித்த மனிதனின் முகத்தோடு. "என்ன தங்கச்சி, மக ஒன்னும் பேச மாட்டேங்குறா? காடா கெடந்துச்சு. ஒத்த ஆளா முடிச்சிட்டேன்ல?" என்று கேட்டார். பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

தோட்டத்தில் வாழாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முட்டளவுக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குத்தான் கவ்வாத்து என்று பெயர். சிறுமியாக இருந்தபோது கவ்வாத்து விழுந்த மலையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். நெருப்பு வைத்தது போல மொட்டையாக நிற்கும். அம்மா அந்த மலையிலிருந்து வெட்டுக்குச்சிகளைக் கட்டிச் சுமந்து வருவாள், அடுப்புக்கு. சில மாதங்களில் அதே மலை இளம் பச்சையாகிவிடும். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு நேராகப் போனது கவ்வாத்துக்குத்தான். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் கத்தி ஓயவில்லை. இலை மண்டிக் காய்க்காமல் நிற்கும் ஒரு செடியைப் பார்த்தால் அவருக்கு வேறென்ன தோன்றும்? தர்ஷினி பறவை வலை வாங்கக் கண்டிக்குப் போயிருந்த இரண்டு நாளில், மருமகளுக்கு உதவி செய்துவிட்டார்.

தர்ஷினி இங்கிலாந்தில் பிறந்தவள். தோட்டக்கலை படித்தாள். நான் கென்டில் ஒரு புளூபெரிப் பண்ணையில் பழம் பொதிசெய்கிறேன். விடுமுறையில் அங்கே வந்து நின்றவளுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்தான் புளூபெரிக்கும் பிடிக்கும், அப்படியென்றால் எங்கள் ஊர் மண்ணில் ஏன் வராது என்று கேட்டாள். வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். கென்டில் புளூபெரி குளிர்காலம் முழுக்க இலையுதிர்ந்து தூங்குகிறது, தூங்கி எழுந்தால்தான் பூக்கிறது. கினிகத்தேனையில் தூங்க எங்கே நேரம்? வெயில், மழை, மறுபடி வெயில். "பழம் போடணும்னா குளிரு உள்ள நுவரெலியாவுக்குப் போ, ஸ்ட்ராபெரி போடு" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அதிகம் குளிர் கேட்காத ரகங்களைத் தேடி வரவழைத்தாள். பியதாச என்பவரின் கைவிடப்பட்ட தேயிலைத் துண்டைக் குத்தகைக்கு எடுத்து, மாமன் வீட்டில் தங்கி, நட்டாள். செடி செழித்தது, இலை இலையாக. பழம் மட்டும் இங்கொன்று அங்கொன்று, அதையும் கொண்டைக்குருவி பார்த்துக்கொண்டது. அடுத்த வைகாசிப் பௌர்ணமிக்குள், அதாவது வெசாக் பண்டிகைக்குள், காய்க்காவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்துவிடுவதாகப் பியதாசவிடமும் அவள் அப்பாவிடமும் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த நிலையில்தான் கத்தி விழுந்தது.

அன்று வேலைக்குப் போய், மேற்பார்வை செய்யும் பெண்ணிடம் லீவு கேட்டேன். என் மகளுடைய மாமன் கத்தியோடு போய் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, போலீஸுக்குச் சொல்லியாயிற்றா, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாளா என்று கேட்டாள். செடி, செடி என்று நான் விளக்கியதும் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. புளூபெரியா என்று கேட்டு, முன்னைவிட அதிகமாகப் பதறித் தலையில் கைவைத்துக்கொண்டாள். அடுத்த பழக்காலம்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவைத்தாள். கணவர் விமான நிலையத்தில் சொன்னது ஒன்றுதான்: "செடி போனா போகட்டும், புள்ளையக் கூட்டிட்டு வந்துரு." நானும் இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தது அதைத்தான். ஆனால் இப்படி வேண்டவில்லை.

நான் கினிகத்தேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. விஷயம் புரிந்த மறுநாளே, சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் தேத்தண்ணிக் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய்விட்டாராம். போன் போட்டால் எடுக்கவில்லை. தர்ஷினி அவரைத் திட்டவே இல்லை, அதுதான் அவரை அதிகம் சுட்டிருக்கும். மெலிந்திருந்தாள். அவள் பேசுவது நான் சிறுவயதில் பேசிய லயத்துத் தமிழ், என்னிடமிருந்து எடுத்தது. "லண்டன் புள்ள நம்மள விட லயத்துப் பேச்சு பேசுது" என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். இப்போது அந்தப் பேச்சும் குறைந்திருந்தது.

பியதாச வந்தார். மொட்டைக் கட்டைகளைப் பார்த்தார். முகம் மலர்ந்து, "ஹொந்தாய், ஹொந்தாய்", நல்லது நல்லது என்றார். நாங்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு நிலத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று நினைத்துவிட்டார் மனிதர். என் துருப்பிடித்த சிங்களத்தில் இல்லை என்று சொன்னேன். நான் நாணப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டார் போல. அடுத்த வாரம் ஒரு ஆட்டோ நிறையத் தேயிலைக் கன்றுகள் வந்து இறங்கின, அன்பளிப்பாக. திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்வார். வேலியோரம் அடுக்கிவைத்தோம். தினமும் காலையில் தர்ஷினி கட்டைகளுக்கும் நீர் விட்டாள், அந்தக் கன்றுகளுக்கும் நீர் விட்டாள். எங்கள் தோல்விக்காகக் காத்திருக்கும் கன்றுகள் நன்றாகவே வளர்ந்தன.

சில கட்டைகள் செத்தன. மற்றவை துளிர்த்தன. துளிர்த்தால் என்ன, முன்பும் இலைதான், இனியும் இலைதான் என்று நான் மனதுக்குள் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். மாசி மாதம் ஒரு காலையில் தர்ஷினி சரிவிலிருந்து கூப்பிட்டாள். என்ன ஆயிற்றோ என்று செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கிளையின் நுனியைக் காட்டினாள். மொட்டு. அடுத்த கிளை, அடுத்த செடி, அடுத்த வரிசை. எல்லா நுனிகளிலும் ஒரே நேரத்தில் மொட்டு.

பிறகு அவள் எனக்கு விளக்கினாள். ஓயாமல் வளர்ந்துகொண்டே இருந்ததுதான் செடிக்குக் கேடு. வெட்டு விழுந்ததில் எல்லாம் ஒன்றாக நின்று, ஒன்றாகத் தொடங்கியிருக்கிறது. லேசாகக் கிளை குறைக்கலாம் என்று அவளும் படித்திருந்தாள். தைரியம் வரவில்லையாம். இவ்வளவு கீழே வெட்டச் சொல்லி எந்தப் பாடத்திலும் இல்லையாம். அண்ணனுக்கும் தெரிந்து செய்த காரியமில்லை. அவருக்கு அது தேயிலை. கென்டில் பனி செய்யும் வேலையை இங்கே எங்கள் கவ்வாத்துக் கத்தி செய்திருக்கிறது. குளிர்காலமே இல்லாத ஊருக்கு ஒரே நாளில் ஒரு குளிர்காலம் வந்து போயிருக்கிறது.

சின்னச் சின்ன வெள்ளை மணிகளாகப் பூத்தது. காய் பச்சையாக, பிறகு சிவப்பாக, பிறகு அந்தச் சாம்பல் பூத்த நீலமாக. இத்தனை வருடம் பெட்டி பெட்டியாக நான் பார்த்த நீலம்தான். ஆனால் பின்னால் வாழைத்தோப்போடு பார்த்ததில்லை. முதல் பழத்தைப் பியதாசவுக்குக் கொடுத்தோம். மென்று பார்த்து, நாவல் பழத்துக்கு இவ்வளவு பாடா என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு ஒரு கை நிறைய எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மாலையில் ஆட்டோ வந்து தேயிலைக் கன்றுகளை ஏற்றிப் போனது. ஹட்டனிலிருந்து பழக்கடைக்காரர் வந்து, பறிப்பதை எல்லாம் தனக்கே தரச்சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். கணவர் வீடியோவில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவ வரமாட்டா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பெருமை இருந்தது.

எனக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது. கென்டில் பழக்காலம் தொடங்குகிறது. கட்டிலில் பெட்டி திறந்து கிடக்கிறது. அடியில் தடித்த குளிர்ச்சட்டை, அதற்கு மேல் தர்ஷினி காயவைத்துக் கட்டிக்கொடுத்த ஒரு பொதிப் பழம். புளூபெரி மலிந்த நாட்டுக்குப் புளூபெரி கொண்டுபோகிறேன். போன் அடித்தால் இன்னும் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. வேளைகெட்ட நேரமா என்று முதலில் மணியைத்தான் பார்க்கிறேன். அங்கே என் கை பொதிந்த பழம் எதையும் என் பழம் என்று நினைத்ததில்லை. இங்கே என் பழம் இருக்கிறது, பறித்து முடிப்பதற்குள் நான் போகிறேன்.

சில நாளுக்கு முன், வெசாக் அன்று, பியதாச வீட்டில் காகிதக் கூடு விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சீசன் முடிந்து நல்லதண்ணியிலிருந்து வந்த பஸ் சந்தியில் நின்றது. ஒரு தோள்பையோடு அண்ணன் இறங்கினார். வீட்டுக்குள் வரவில்லை, நேராகச் சரிவுக்குப் போனார். ஒரு வரிசை முழுக்க நடந்தார். பழத்தைத் தொடவில்லை, வெட்டிய இடங்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். தர்ஷினி கை நிறையப் பழத்தோடு எதிரே போய் நின்றாள். "சாப்பிடுங்க மாமா" என்றாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, புளிப்பில் ஒரு கண்ணை மூடினார். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல், செடியைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த கவ்வாத்து எப்பன்னு சொல்லு புள்ள. இந்தத் தடவ கேட்டுட்டு வெட்டுறேன்."