கோழிக்கொட்டகைக்குள் ஒரு மதியம்

கல்யாணமான முதல் கோடையைக் கோழிகளோடுதான் கழித்தேன். மோகனூர்ப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அவருக்கு மேற்பார்வை வேலை. பண்ணைக்குள்ளேயே எங்களுக்கு ஓர் அறை. மேலே வெறும் சிமெண்ட் அட்டை. காலைச் சாப்பாடு முடிவதற்குள் உள்ளே கொதிக்கும். கோழிகளுக்கோ கூரைமேல் தென்னங்கீற்று, உள்ளே பனிபோல் நீர் தூவும் குழாய்கள். "நம்மளக்காட்டிலும் கோழிக்குத்தானுங்க மவுசு" என்று அவரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

கத்திரி வெயிலில் ஒருநாள் மதியம் நீர் தூவுவது நின்றுவிட்டது. மேல்தொட்டிக் குழாயில் அடைப்பு. கோழிகள் வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்தன.

"வெயில் தாழட்டுங்க" என்றேன்.

"அதுக்குள்ள பாதி செத்துப்போயிரும் புள்ள" என்று ஏணியில் ஏறிவிட்டார்.

வெகுநேரம் கழித்துத் தண்ணீர் வந்தது. இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, "அம்மா, பஸ் வந்திருச்சா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அனலாய்ச் சுட்டது, பொட்டு வேர்வை இல்லை. அப்படியே கால் மடங்கிச் சரிந்தார்.

எங்கள் அறைக்குக் கொண்டுபோனால் உயிர் போய்விடும் என்று பட்டது. முட்டை ஏற்ற வந்திருந்த வண்டி ஓட்டுநரைக் கத்திக் கூப்பிட்டேன். இருவருமாக அவரைக் கொட்டகைக்குள் தூக்கிப்போய், கூண்டுகளுக்கு நடுவே தூவும் நீருக்கடியில் கிடத்தினோம். சட்டையைக் கழற்றி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, முட்டை அட்டையால் விசிறினேன். ஓட்டுநர் சொம்போடு குனிந்தார்.

"வாயில ஊத்தாதீங்கண்ணா, நெனவில்ல. பொறையேறிரும்."

ஈரத்தோடே வண்டியில் ஏற்றி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "கண்ணத் தொறங்க சாமி" என்று வழியெல்லாம் அரற்றினேன்.

"குளிர வெச்சுக் கொண்டாந்தது நல்லதாப் போச்சும்மா" என்றார் டாக்டர். சாயங்காலம் கண் விழித்தவர் கேட்ட முதல் கேள்வி, "கோழியெல்லாம் எப்படி இருக்குது?" எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதன்பின் அந்தக் கோடை முழுக்க அவர் மதியத்தில் வெளியே இறங்கக்கூடாது என்றாயிற்று. பண்ணைக்காரர் எங்கள் அறைக்கும் கீற்று வேய்ந்து கொடுத்தார். நனைத்த சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, மோர்ச்சொம்பை நடுவில் வைத்துப் படுத்துக்கிடப்போம். பொண்ணு பார்க்க வந்தபோது பலகாரத்தை ஏன் தொடவில்லை என்று கேட்டேன். கை நடுங்கியது என்றார். அதுவரை நாங்கள் வேலையைப் பற்றி மட்டுமே பேசியிருந்தோம்.

இப்போது சேலத்து வீட்டில் ஏசி இருக்கிறது. ஆனாலும் சித்திரை பிறந்தால் என் மனம் அந்த மதியங்களுக்குத்தான் போகிறது.