கூழாங்கல் பாதையில் அக்கா

மலேசியாவின் லூனாஸ் ஊரில் எங்கள் குடியிருப்புத் திடலின் ஓரமாக ஒரு கூழாங்கல் பாதை இருக்கிறது. சிமெண்டில் கற்களை நெருக்கமாகப் பதித்து, பிடித்து நடக்க இருபுறமும் கம்பி போட்டிருக்கிறார்கள். வெறுங்காலில் நடந்தால் பாதத்து நரம்புகள் அழுந்தி நோய் தணியும் என்பது காலையில் அங்கு கூடும் வயதானவர்களின் நம்பிக்கை. கல் குத்துகிற இடத்தை வைத்து எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்றும் சொல்வார்கள். எங்குமே குத்தவில்லை என்றால் உடம்பு சுத்தம்.

என் அக்காவுக்கு எங்குமே குத்தவில்லை.

கூலிம் தொழிற்சாலையில் ஷிப்டு முழுக்க நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அத்தான் இறந்தபின் மகன் பினாங்கிலுள்ள தன் அடுக்குமாடி வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்தினான். அக்கா மறுத்தார். "நடக்கிற வரைக்கும்தான்டா என் வீடு எனக்கு. படுத்துட்டா தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று என்னிடம் சொன்னார். நடக்கத் தொடங்கியதே அதற்காகத்தான்.

மழையில்லாத காலைகளில் திடலைச் சுற்றுவார், கைகளை வீசுவார், கடைசியில் கல் பாதைக்கு வருவார். மற்றவர்கள் கம்பியைப் பிடித்து முகம் சுளித்து அடியெடுத்து வைக்கும்போது, அவர் கம்பியைத் தொடாமல் போய்த் திரும்புவார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, அது காலா, லாரி டயரா?"

"ரப்பர் எஸ்டேட்டு காலுலா, அண்ணே. பால்மரக் காட்டுல நாங்க செருப்பு போட்டா வளந்தோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா உண்மையிலேயே தேறியிருந்தார். எடை குறைந்தது, மூச்சு வாங்கவில்லை, மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறினார். சுகமாக இருப்பதால் கிளினிக்கில் வரச்சொன்ன தேதிகளைத் தவறவிட்டார். பாதையில் நடப்பதே போதும் என்றார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே நடந்த இடமெல்லாம், வெள்ளைத் தரையில் பழுப்பாக ஈரத்தடம் பதிந்தது. வலது காலின் தடம் மட்டும். நான் காட்டிய பிறகுதான் அக்கா பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே ஒரு துளை. அதற்குள் ஏதோ கண்ணாடிச் சில்லு. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றியிருந்த தோல் கருத்திருந்தது.

மறுநாள் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மருத்துவ உதவியாளர் இளைஞர், மலாய்க்காரர். சில்லை எடுத்துப் புண்ணைக் கழுவினார். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றைக் காட்டி, கண்ணை மூடிக்கொள்ளும்படியும், அது பாதத்தில் படும்போதெல்லாம் 'யா', அதாவது ஆமாம், என்று சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். அக்கா பள்ளிப் பிள்ளை போலக் கண்ணை இறுக்கி மூடினார். உதவியாளர் இழையால் விரல் நுனிகளில் தொட்டார், நடுப்பாதத்தில் தொட்டார், குதிகாலில் தொட்டார். இழை வளைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலிலும் தொட்டு முடித்து இழையை உறையில் போட்டார். அக்கா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னடா தம்பி, இன்னும் ஆரம்பிக்கலையா?"

நான் அக்காவின் தோளைத் தொட்டுக் கண்ணைத் திறக்கச் சொன்னேன். அந்த இளைஞர் குனிந்து எழுதத் தொடங்கினார். நடந்தது நல்லதுதான், ஆனால் கெட்டியான காலணி போட்டு, தினமும் பாதத்தைப் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று பிறகு மலாயில் பொறுமையாக விளக்கினார். அக்கா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: நாளைக் காலை நடக்கலாமா?

பெரிய மருத்துவமனையில் முதலில் விரலை எடுத்தார்கள். சீழ் நிற்காமல் மேலேறியதால் காலையே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மகன் வந்து கையெழுத்துப் போட்டான். அக்காவை மருத்துவமனையிலிருந்து நேரே பினாங்குக்குக் கொண்டுபோனான். லூனாஸ் வீட்டுத் துணிகளை மருமகள் பைகளில் கட்டினாள்.

போன மாதம் பார்க்கப் போனேன். இயன்முறைப் பயிற்சியாளர் சொல்லித் தந்ததை ஒன்றுவிடாமல் செய்கிறார். படுத்தபடி மிச்சக் காலைத் தூக்கி இறக்குகிறார், நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிறார். புஜங்கள் முறுக்கேறியிருக்கின்றன. நடைச் சட்டத்தை ஊன்றிக் கூடத்தைக் கடந்து வாசல் வரை வருகிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது இரும்புக் கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். தனியாக லிப்டில் இறங்கி எங்காவது விழுந்துவிடுவார் என்ற பயம்.

அன்றும் பூட்டித்தான் இருந்தது. கதவுக் கம்பிகளுக்கு இடையே கைநீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "சாவி அவங்க கிட்டதான் இருக்கு. நின்னுக்கிட்டே பேசலாம்டா, என்னால நிக்க முடியும்" என்றார்.